எஸ்.எஸ்.எல். சான்றிதழ்: இலவசமா, விலைக்கா, நடுவில் ஒருவரா?

சேலத்தில் வெப்சைட் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளருக்கும் வெப்சைட்டுக்கும் நடுவே போகும் தகவலைப் பூட்ட உதவும் எஸ்.எஸ்.எல். சான்றிதழில் எதைப் போடுவது என்ற கேள்வியோடு மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது வந்துவிடுகிறார்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், "ஹோஸ்டிங்ல சும்மா குடுக்கிறாங்க, அது போதுமாங்க? நகைத் தொழிலுக்குக் காசு குடுத்து வாங்கினாத்தானே நம்புவாங்க?" என்று கேட்டார். இளம்பிள்ளையிலிருந்து ஊர் ஊராகச் சேலை அனுப்பும் தம்பி ஒருவர், தளத்துக்கு முன்னால் நின்று வருகிறவர்களை வாங்கி அனுப்பும் கிளவுட்ஃபிளேர் சேவையைப் போட்டாலே எஸ்.எஸ்.எல். வந்துவிடுகிறதே, தனியாக எதற்கு என்றார். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்துக்குள் நான்கு அறை வைத்து விருந்தினர்களைத் தங்கவைக்கும் அக்காவோ, "எதைப் போட்டா நான் அதை மறந்துடலாம் தம்பி?" என்றார்.

மூன்றில் அந்த அக்காவின் கேள்விதான் விஷயத்தின் மேல் நேராகக் கை வைக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், எடை போடவே வேண்டாத ஒன்றை ஒதுக்கிவிடலாம். அது மறையாக்கத்தின், அதாவது தகவலைப் பூட்டும் முறையின், பலம். விலைப் பட்டியல்களில் "256 பிட் பாதுகாப்பு" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இலவசச் சான்றிதழிலும் அதே 256 பிட் கிடைக்கிறது. வாடிக்கையாளரின் பிரவுசருக்கும் உங்கள் சர்வருக்கும் நடுவே போகும் தகவலைப் பூட்டுவது டி.எல்.எஸ். என்ற நெறிமுறை, எஸ்.எஸ்.எல். என்பது அதன் பழைய பெயர், நம் வாயில் நின்றுவிட்டது. எந்தப் பூட்டு என்பதை பிரவுசரும் சர்வரும் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்கின்றன. சான்றிதழுக்கு இருப்பது ஒரே வேலை: "இந்தச் சாவி இந்த டொமைனுக்கு (வெப்சைட்டின் பெயருக்கு) உரியது" என்று மூன்றாமவர் ஒருவர் கையெழுத்திட்டுச் சொல்வது. அந்தக் கையெழுத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் பூட்டு மாறாது.

உண்மையில் கேட்க வேண்டியது, சர்வரில் டி.எல்.எஸ். 1.3 இயங்குகிறதா என்று. 2018இல் வந்த பதிப்பு அது. 1.2இல் பக்கம் இறங்கத் தொடங்கும் முன் பிரவுசரும் சர்வரும் இரண்டு முறை போய்வந்து பேச வேண்டும், 1.3இல் ஒரே முறை. ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் வந்து வந்து போகும்போது, காரில் பின்சீட்டில் இருந்தபடி உங்கள் பக்கத்தைத் திறப்பவருக்கு அந்த ஒரு நடை மிச்சமாவது நன்றாகவே தெரியும்.

சரி, எடை போட வேண்டியவை இவை. சான்றிதழ் முடியும்போது அதை யார் புதுப்பிப்பார், மனிதரா மென்பொருளா? டொமைனும், அந்தப் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பட்டியலான டி.என்.எஸ்ஸும் யார் லாகினில் இருக்கின்றன? பூட்டு எந்த இடத்தில் திறக்கப்படுகிறது, உங்கள் சர்வரிலா, நடுவிலேயேவா? கடைசியாக, பில்லில் வராத செலவு என்ன?

முதல் கேள்விக்கு ஏன் இத்தனை எடை என்றால், சான்றிதழின் ஆயுள் சுருங்கிக்கொண்டே வருகிறது. 2020 செப்டம்பரிலிருந்து எந்தச் சான்றிதழும் 398 நாளுக்கு மேல் செல்லாது என்று இருந்தது. சான்றிதழ் தருகிறவர்களும் பிரவுசர் தயாரிப்பவர்களும் சேர்ந்த சி.ஏ. பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, 2026 மார்ச் 15 முதல் வழங்கப்படுவது 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள். காசு கொடுத்து வாங்கினாலும் இதே கணக்குதான். 47 நாள் என்றால் வருடத்துக்கு எட்டு முறை. ஆயுதபூஜைக்குக் கடை சுத்தம் செய்வதுபோல வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கம் இனி உதவாது.

## ஒரு சனிக்கிழமை

மேலே சொன்ன அக்காவை நான் அறிந்துகொண்டதே இப்படித்தான். மே மாதம், ஏற்காட்டில் கோடை விழா நேரம். காலை எட்டரைக்கு போன். "தம்பி, ஆபத்துன்னு செவப்பா வருதுன்னு அடிவாரத்துல இருந்து கெஸ்ட் கூப்பிடுறாங்க. ரூமே பொய்யோன்னு கேக்கிறாங்க." என் கைபேசியில் திறந்து பார்த்தேன். சான்றிதழ் முந்தைய இரவு முடிந்திருந்தது.

அது விலைக்கு வாங்கிய சான்றிதழ். தளத்தை முதலில் வடிவமைத்துக் கொடுத்தவர் வாங்கிப் போட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் அவர் முகவரிக்கே போயிருக்கின்றன. அவர் ஊர் மாறி, எண்ணும் மாறிவிட்டார். புதிதாக வாங்கலாம் என்று பணம் கட்டினால், டொமைன் உங்களுடையதுதான் என்று உறுதிசெய்ய டி.என்.எஸ்ஸில் ஒரு வரி சேர்க்கச் சொன்னது. டி.என்.எஸ். லாகினும் அவரிடம். இல்லையென்றால் 'அட்மின்' என்று தொடங்கும் டொமைன் முகவரிக்கு வரும் அஞ்சலில் ஒப்புதல் தர வேண்டும். அப்படியொரு அஞ்சல் பெட்டியை யாரும் உருவாக்கியிருக்கவே இல்லை.

மதியம் வரை அந்தப் பழைய வடிவமைப்பாளரைத் தேடுவதிலேயே போனது. அக்காவிடம் இருந்தது ஹோஸ்டிங் லாகின் மட்டும், பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில். சாயங்காலம் அதற்குள் போய்ப் பார்த்தால், இலவசச் சான்றிதழுக்கான பொத்தான் அங்கேயே இருக்கிறது, யாரும் தொடாமல். அழுத்தினேன். ஐந்து நிமிடத்தில் சிவப்புப் பக்கம் போய்விட்டது. நாள் முழுக்கத் தடுத்த டி.என்.எஸ். லாகின் இதற்குத் தேவையே படவில்லை. அதற்குள் இரண்டு அறைக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

## ஹோஸ்டிங்கோடு வரும் இலவசச் சான்றிதழ்

பெரும்பாலும் இது லெட்ஸ் என்க்ரிப்ட் தருவது. ஐ.எஸ்.ஆர்.ஜி. என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துகிறது. 2015 டிசம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். சான்றிதழ் 90 நாளுக்கு வரும், முடிவதற்குச் சில வாரம் முன்பே மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். "ஏன் 90 நாள்தான் தருகிறார்கள், இலவசம் என்பதாலா?" என்று கேட்பார்கள். இல்லை. சாவி திருடு போனாலும் சேதம் சீக்கிரம் முடியட்டும், புதுப்பிப்பதை மனிதர் கையில் விடாமல் இயந்திரத்திடம் விடட்டும் என்பதற்காக வேண்டுமென்றே குறைவாக வைத்தது. இப்போது மற்ற எல்லோரும் அந்தத் திசையில்தான் வருகிறார்கள்.

டொமைன் உங்களுடையதா என்று சோதிக்கும் விதம் எளிது: உங்கள் சர்வரில் ஒரு சிறு கோப்பை வைக்கச் சொல்லி, வெளியிலிருந்து வந்து அதைப் படித்துப் பார்க்கிறது. டொமைன் இந்த சர்வரைக் காட்டிக்கொண்டிருந்தால் போதும், டி.என்.எஸ். லாகின் வேண்டாம். அந்தச் சனிக்கிழமை எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

மறைவாக இருக்கும் சிக்கலும் இதே இடத்தில்தான். அந்தக் கோப்பைப் படிக்க முடியாமல் போனால் புதுப்பித்தல் சத்தமில்லாமல் தோற்கும். "நமக்கு இந்தியாவுக்குள்தான் வியாபாரம், வெளிநாட்டு வருகையெல்லாம் பிளாக் பண்ணிடுங்க" என்று சேலத்தில் பலர் கேட்பார்கள். சர்வரின் காவல் கதவான ஃபயர்வாலில் அப்படிச் செய்தால், உலகின் பல இடங்களிலிருந்து சோதிக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட்டும் வெளியே நின்றுவிடும். பூட்டில்லாத வருகைக்கான வாசலான 80ஆம் போர்ட்டை மூடினாலும் இதே கதி. சர்வர் மாற்றும்போது பழைய சர்வரின் ஐ.பி.வி.6 (புது வகை இணைய எண்) முகவரியை டி.என்.எஸ்ஸில் அப்படியே விட்டுவிடுவது இன்னொன்று. சோதனை பழைய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பும். முன்பெல்லாம் முடியப்போகிறது என்று லெட்ஸ் என்க்ரிப்ட்டே அஞ்சல் அனுப்பும். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். அதனால் சான்றிதழ் நாளைக் கவனித்துச் சொல்லும் இலவசக் கண்காணிப்புச் சேவை ஒன்றில் உங்கள் டொமைனைச் சேர்த்துவிடுங்கள்.

பழைய கைபேசிகள் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய பதிப்புகள் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் மூலச் சான்றிதழை (அவர்கள் கையெழுத்துக்கெல்லாம் அடித்தளமானதை) அறியாதவை. அந்தக் கைபேசிகளுக்காக வைத்திருந்த மாற்று ஏற்பாடும் 2024இல் முடிந்துவிட்டது. அவற்றில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டு வைத்திருந்தால் வேலை செய்யும். உங்கள் வாடிக்கையாளர்களில் இப்படிப்பட்டவர்கள் இன்னும் நிறையப் பேர் என்றால் மட்டும் இது கணக்கில் வரும்.

சொந்த வி.பி.எஸ். (தாங்களே பார்த்துக்கொள்ளும் வாடகை சர்வர்) வைத்திருப்பவர்களுக்கு இதே சான்றிதழை செர்ட்பாட் என்ற மென்பொருள் மூலம் எடுப்பது ஒரு வழி. வேலை ஒன்றுதான், பொறுப்பு உங்களுடையது. புதுப்பித்த பிறகு வெப் சர்வரை ரீலோட் செய்ய மறந்தால், புதுச் சான்றிதழ் சர்வரின் டிஸ்கில் இருக்கும், பழையதே வெளியே போய்க்கொண்டிருக்கும். அந்த ரீலோடையும் தானியங்கியாக வைத்துவிடுங்கள்.

## நடுவில் கிளவுட்ஃபிளேர்

2014 செப்டம்பரிலிருந்து இலவசக் கணக்குக்கும் எஸ்.எஸ்.எல். தருகிறார்கள். டொமைனின் நேம்சர்வரை (டி.என்.எஸ். பட்டியலை வைத்திருக்கும் சர்வரை) அவர்களுக்கு மாற்றினால், வருகிறவர் முதலில் அவர்கள் வாசலுக்கு வருவார். அங்கிருந்து உங்கள் சர்வருக்கு. படங்களை அவர்களே சேமித்து வைத்துக் கொடுப்பதால் சேலைப் படம் நூற்றுக்கணக்கில் இருக்கும் தளம் வேகமாகும். புதுப்பித்தல் அவர்கள் பொறுப்பு.

இதில் ஒரே ஓர் அமைப்பை எல்லோரும் தவறவிடுகிறார்கள். 'ஃபிளெக்ஸிபிள்' என்று வைத்தால் வாடிக்கையாளரிலிருந்து கிளவுட்ஃபிளேர் வரைதான் பூட்டு. அங்கிருந்து உங்கள் சர்வர் வரை திறந்த அஞ்சலட்டை போலத்தான் போகும். வாடிக்கையாளருக்கு அது தெரியாது. அவர் பிரவுசரில் எல்லாம் சரியாக இருக்கும். பெயர், முகவரி, கைபேசி எண் என்று நிரப்பும் ஆர்டர் படிவத்தை அப்படி அனுப்புவதை நான் ஏற்கவே மாட்டேன். இரண்டு பாதியிலும் பூட்டு இருக்கும் 'ஃபுல் ஸ்ட்ரிக்ட்' மட்டுமே வையுங்கள். அதற்கு உங்கள் சர்வரிலும் செல்லுபடியாகும் சான்றிதழ் வேண்டும்: லெட்ஸ் என்க்ரிப்ட் ஆகலாம், அல்லது கிளவுட்ஃபிளேரே தரும் ஆரிஜின் சான்றிதழ், 15 ஆண்டு வரை தருகிறார்கள். அந்த ஆரிஜின் சான்றிதழை கிளவுட்ஃபிளேர் மட்டும்தான் நம்பும். ப்ராக்ஸியை (அவர்கள் நடுவில் நிற்பதை) நிறுத்திய கணமே பிரவுசரில் எச்சரிக்கை வரும். ஃபிளெக்ஸிபிளில் வைத்துக்கொண்டு சர்வரிலும் பூட்டுப் போட்ட முகவரியான எச்.டி.டி.பி.எஸ்ஸுக்குத் திருப்பிவிட்டால் பக்கம் சுற்றிச் சுற்றி வந்து திறக்காமலே போகும். அந்தப் புகார் வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஃபுல் ஸ்ட்ரிக்டிலும் பூட்டு நடுவில் ஒருமுறை திறந்துதான் மறுபடி பூட்டப்படுகிறது. அந்த நிறுவனத்தை நம்பித்தான் இதைச் செய்கிறீர்கள். சேலை விற்பதற்கு அது பரவாயில்லை. மருத்துவ அறிக்கை வைத்திருக்கும் ஸ்கேன் சென்டராக இருந்தால் நன்றாக யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

பில்லில் வராத செலவு மின்னஞ்சல். நேம்சர்வர் மாற்றும்போது அஞ்சலுக்கான எம்.எக்ஸ். வரிகள் எல்லாம் வந்துசேர்ந்தனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அஞ்சல் சர்வரின் பெயருக்கு ஆரஞ்சு மேகம் (ப்ராக்ஸி ஓடுவதைக் காட்டும் சின்னம்) போடக் கூடாது. அந்த ப்ராக்ஸி அஞ்சலைச் சுமக்காது. ஜவ்வரிசி வியாபாரி ஒருவருக்கு நான் இதைத் தவறாகப் போட்டு, அரை நாள் அவருக்குக் கொள்முதல் விசாரணை எதுவுமே வரவில்லை. அதற்குப் பிறகு மாற்றும் முன் பழைய டி.என்.எஸ். பட்டியலை முழுதாகப் பதிவெடுத்து வைக்காமல் நான் எதையும் தொடுவதில்லை.

## விலைக்கு வாங்கும் சாதாரணச் சான்றிதழ்

டி.வி. என்பார்கள், டொமைன் மட்டும் சரிபார்க்கப்படுவது. இலவசத்தில் செய்யும் அதே சோதனைதான், அதே பூட்டுதான். கூடுதலாகக் கிடைப்பது கேட்க ஓர் ஆள், தளத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு முத்திரைப் படம், ஒரு 'வாரண்டி' தொகை. அந்த வாரண்டி உங்கள் தளத்தை யாராவது உடைத்தால் வருவதில்லை. சான்றிதழ் தந்தவர் தவறான ஆளுக்குக் கொடுத்து, அதனால் நஷ்டம் வந்தால் என்று நிபந்தனை இருக்கும். அதை நினைத்து வாங்க வேண்டாம்.

ஒரு வருடத்துக்குப் பணம் கட்டினாலும் இனி ஒரே சான்றிதழ் வருடம் முழுக்க வராது. நடுவில் மறுபடி வழங்கச் சொல்லி, மறுபடி சர்வரில் ஏற்ற வேண்டும். கையால் ஏற்றும்போதுதான் தவறு நடக்கிறது. உங்கள் சான்றிதழை மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைச் சான்றிதழை விட்டுவிட்டால் அலுவலகக் கணினியில் சரியாகத் திறக்கும், வாடிக்கையாளரின் கைபேசியில் எச்சரிக்கை காட்டும். அதைவிட மோசமானது, பிரைவேட் கீ (ரகசியச் சாவி) கோப்பை வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்புவது. ஐந்தாறு பேர் இருக்கும் குரூப்பில் அது கிடப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படி அனுப்பியிருந்தால் அந்தச் சாவி போனதாகவே வைத்துக்கொண்டு, புதுச் சாவியில் புதுச் சான்றிதழ் எடுங்கள்.

இதுதான் சரி என்று சொல்லும் இடம் உண்டு: தானாகப் புதுப்பிக்கும் மென்பொருளை ஏற்றவே முடியாத பழைய பில்லிங் சர்வர், ஆலைக்குள் இருக்கும் ஏதோ ஒரு கருவி, இலவசச் சான்றிதழை வேண்டுமென்றே தடுத்துவைத்திருக்கும் ஹோஸ்டிங். கடைசி வகை என்றால், ஹோஸ்டிங்கையே மாற்றுவது மலிவு.

## நிறுவனப் பெயர் சரிபார்த்த சான்றிதழ்

ஓ.வி., ஈ.வி. என்று இரண்டு. பதிவு ஆவணம், முகவரி, தொலைபேசி எல்லாம் சரிபார்த்துத் தருவார்கள். நாட்கள் ஆகும், விலையும் அதிகம். கொலுசுப் பட்டறை அண்ணன் மனதில் இருந்தது இதுதான். முன்பு ஈ.வி. போட்டால் முகவரிப் பட்டையில் பச்சையில் நிறுவனப் பெயர் வரும். குரோம் 2019 செப்டம்பரிலும் ஃபயர்ஃபாக்ஸ் அடுத்த மாதமும் அதை எடுத்துவிட்டன. இப்போது வாடிக்கையாளர் இரண்டு மூன்று முறை தட்டி உள்ளே போய்த் தேடினால்தான் பெயர் தெரியும். கொலுசு வாங்க வருகிறவர் அதைச் செய்யமாட்டார். 2023இல் குரோம் பூட்டுச் சின்னத்தையே எடுத்துவிட்டது. பூட்டைப் பார்த்தவர்கள் கடையும் நேர்மையானது என்று நினைத்துக்கொண்டார்கள் என்பதுதான் காரணம். ஏமாற்றுத் தளமும் ஐந்து நிமிடத்தில் சான்றிதழ் எடுக்கும்.

ஆனால் ஜவுளி ஏற்றுமதி செய்பவரிடம் வெளிநாட்டு நிறுவனம் அனுப்பும் கேள்வித்தாளில் "ஓ.வி. கட்டாயம்" என்று இருந்தால் வாங்கித்தான் ஆக வேண்டும். டெண்டர் நிபந்தனையும் அப்படியே.

## தயார் மேடைகள்

பிளாகர், ஷாப்பிஃபை போன்ற இடங்களில் தளம் இருந்தால் சான்றிதழ் அவர்களே தந்து அவர்களே புதுப்பிக்கிறார்கள். தனியாக விற்க யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சொந்த டொமைனை இணைத்திருந்தால் டி.என்.எஸ். வரிகளைக் கலைக்காமல் இருந்தால் போதும்.

## ஒரே பார்வையில்

| வழி | புதுப்பிப்பது | டி.என்.எஸ். லாகின் | பூட்டு திறக்கும் இடம் | பில்லில் வராதது |
|---|---|---|---|---|
| ஹோஸ்டிங் இலவசம் | மென்பொருள் | பெரும்பாலும் வேண்டாம் | உங்கள் சர்வர் | கண்காணிப்பு |
| கிளவுட்ஃபிளேர் | அவர்கள் | டொமைன் லாகின் கட்டாயம் | நடுவிலும் சர்வரிலும் | அஞ்சல் அமைப்பு, சர்வர் சான்றிதழ் |
| விலைக்கு டி.வி. | பெரும்பாலும் ஆள் | முறையைப் பொறுத்தது | உங்கள் சர்வர் | ஒவ்வொரு முறையும் ஏற்றும் கூலி |
| ஓ.வி., ஈ.வி. | பெரும்பாலும் ஆள் | முறையைப் பொறுத்தது | உங்கள் சர்வர் | ஆவண வேலை, காத்திருப்பு |
| தயார் மேடை | அவர்கள் | இணைக்கும்போது | அவர்கள் சர்வர் | மேடைக்கு மாதக் கட்டணம் இருந்தால் அது |

எந்த வழியானாலும் இரண்டு வேலை உண்டு. பழைய பக்கங்களில் எச்.டி.டி.பி. என்று தொடங்கும் படச் சுட்டிகள் இருந்தால் எச்.டி.டி.பி.எஸ். என்று மாற்ற வேண்டும். வழங்கப்படும் சான்றிதழ்கள் எல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏறுகின்றன என்பதையும் மறக்க வேண்டாம். 'பில்லிங்', 'டெஸ்ட்' என்று நீங்கள் தனியாகச் சான்றிதழ் எடுக்கும் துணைப் பெயர்களை யாரும் அங்கே படிக்கலாம். அவற்றுக்கு வலுவான கடவுச்சொல் வையுங்கள்.

## மூன்று பேருக்கும் சொன்னது

கொலுசு அண்ணனுக்கு: இலவசமே போதும். அந்தக் காசில் பட்டறையையும் எடை போடுவதையும் நல்ல படமாக எடுத்துப் போடுங்கள், ஜி.எஸ்.டி. எண்ணும் செவ்வாய்ப்பேட்டை முகவரியும் முதல் பக்கத்தில் தெரியட்டும் என்றேன். சேலைத் தம்பிக்கு கிளவுட்ஃபிளேர் சரி, ஃபுல் ஸ்ட்ரிக்ட் வைத்து, சர்வரில் லெட்ஸ் என்க்ரிப்ட்டும் போட்டால். அவர் தளம் ஆறு மாதமாக ஃபிளெக்ஸிபிளில் ஓடிக்கொண்டிருந்தது. என் முன்னாலேயே உட்கார்ந்து மாற்றினார்.

ஏற்காட்டு அக்காவிடம் முழுதாக மறந்துவிடலாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஹோஸ்டிங் இலவசச் சான்றிதழ் ஓடுகிறது, டொமைன் இப்போது அவர் பெயரில், அவர் கைபேசி எண்ணில் இருக்கிறது. கண்காணிப்பு அஞ்சல் அவருக்கும் எனக்கும் வரும்படி வைத்தேன். அது போக, முகவரிக்குப் பக்கத்திலுள்ள சின்னத்தைத் தட்டிச் சான்றிதழ் முடியும் நாளை எப்படிப் பார்ப்பது என்று காட்டிக்கொடுத்தேன். அடுக்களைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில், அந்த நாளுக்குப் பத்து நாள் முன்னால், கேஸ் புக் செய்த தேதிக்குக் கீழே "பூட்டு பாக்கணும்" என்று எழுதிவைத்தார்.